இருதய நோயுள்ள ஆடவருக்கு மார்பகப் புற்றுநோய்: சிகிச்சையைச் சீர்தூக்குவது எப்படி?

மார்பகப் புற்றுநோய் என்றவுடன் அது பெண்களுக்கே உரிய நோய் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிவிடுகின்றோம். ஆடவருக்கும் அந்நோய் வருவதுண்டு. மார்பகப் புற்றுநோய் கண்டவர் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவருள் ஏறத்தாழ ஒருவர் ஆடவராக இருப்பார். தொகை சிறிதாயினும் துன்பம் சிறிதன்று. பெண்களுக்கு வருவதைவிடச் சற்று முதிர்ந்த வயதில், பெரும்பாலும் அறுபதை ஒட்டியும் அதற்குப் பின்னரும், இந்நோய் ஆடவருக்குத் தோன்றுகின்றது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் இருதய நோயும் குடிபுகும் வயதும் அதுவேயாகும். ஆகவே, மார்பகப் புற்றுநோய் கண்ட ஆடவருள் பலர் முன்னரே இருதய நோயாளராக இருப்பதில் வியப்பில்லை.

அத்தகைய ஒருவரது வீட்டில் எழும் பேச்சு நாம் அறிந்ததே. "இருதயம் பழுதுபட்டவர், கத்தி வைத்தால் தாங்குவாரா? மருந்தே அவரை மாய்த்துவிடாதா? இருக்கும் நாள் வரை இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்!" இப்பேச்சு அன்பினால் எழுவது, ஆயினும் முழு உண்மையன்று. புற்றுநோய்க்குரிய சிகிச்சை என்பது ஒரே மருந்தன்று. பல கருவிகள் அடங்கிய பெட்டி அது. அவற்றுள் சில இருதயத்தை வருத்துவன. சில ஏறக்குறைய வருத்தாதன. எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதை ஆராயாமல் எல்லாவற்றையும் விலக்குவதும் தவறு; பிறருக்குக் கொடுப்பதை அப்படியே இவருக்கும் கொடுப்பதும் தவறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழியைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம் என்று கருதி, அதனை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

நோயை அறிதல்

ஆடவரின் மார்பிலும் முலைக்காம்புக்குப் பின்னால் சிறிதளவு மார்பகத் திசு உண்டு. அதில் வலியில்லாத, கெட்டியான ஒரு கட்டி தோன்றுவதே இந்நோயின் முதல் அடையாளம். முலைக்காம்பு உள்நோக்கி இழுக்கப்படுதல், அதிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், தோல் சுருங்குதல், ஆறாத புண் உண்டாதல், அக்குளில் கட்டி தென்படுதல் ஆகியனவும் அடையாளங்களே. வலி இல்லாமையால் ஆடவர் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துவோரும் வெளியே சொல்ல வெட்கப்படுகின்றனர். அதனால் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருவோர் மிகுதி.

இருதய நோயாளர் இங்கே மேலும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இருதயம் தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் ஸ்பைரனோலாக்டோன் என்னும் மாத்திரை சிலருக்கு மார்பைப் பருக்கச் செய்யும். 1999ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், அம்மருந்தை உண்ட ஆடவருள் 100க்கு 10 பேருக்கு மார்பில் வீக்கமோ வலியோ ஏற்பட்டதாகக் கண்டனர். டிகாக்ஸின் என்னும் மருந்தும் இவ்வாறு செய்வதுண்டு. இவ்வீக்கம் புற்றன்று. ஆனால் "இது மாத்திரையால் வந்தது" என்று தாமே முடிவு செய்துகொண்டு, உண்மையான கட்டியையும் கவனியாது விட்டுவிடும் அபாயம் இதில் உள்ளது. மருந்தினால் வரும் பருமன் பெரும்பாலும் முலைக்காம்பைச் சுற்றிச் சமமாக, மெத்தென்று, தொட்டால் வலிப்பதாக இருக்கும். புற்றுக்கட்டியோ பெரும்பாலும் ஒரே பக்கத்தில், கெட்டியாக, வலியின்றி இருக்கும். ஐயம் தோன்றினால் மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. மார்பகத்தைப் படமெடுத்தும், ஊசியால் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தும் அவர் உண்மையை அறிவார். இச்சோதனை எந்த இருதய நோயாளரும் தாங்கக்கூடியதே. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவராயின், அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த துணுக்கில் இரண்டு செய்திகளைத் தேடுவர். ஒன்று, கட்டி ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் வளர்கின்றதா என்பது. மற்றொன்று, ஹெர்-2 என்னும் புரதம் அதில் மிகுந்துள்ளதா என்பது. பல நாடுகளைச் சேர்ந்த 1,483 ஆடவரின் நோயை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 100க்கு 99 பேரின் கட்டி ஹார்மோனால் வளரும் இனத்தைச் சேர்ந்தது. ஹெர்-2 மிகுந்தவர் 100க்கு 9 பேர் மட்டுமே. இருதய நோயாளருக்கு இது நல்ல செய்தியாகும். காரணத்தைக் கீழே காண்போம்.

இருதயத்தின் வலிமையை அளத்தல்

வண்டியில் பாரம் ஏற்றுமுன் எருதின் வலிமையைப் பார்ப்பது உழவர் வழக்கம். சிகிச்சையிலும் முறை அதுவே. "இருதயக் கோளாறு" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எத்தகைய கோளாறு, எவ்வளவு கோளாறு என்பதை அளந்தறிய வேண்டும்.

இதற்கு உதவுவது எக்கோ என்னும் சோதனை. இருதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதிலுள்ள இரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேற்றப்படுகின்றது என்பதை இச்சோதனை காட்டும். நலமுள்ள இருதயம் 100 பங்கில் 55 முதல் 70 பங்கு வரை வெளியேற்றும். 40க்குக் கீழே இறங்கினால் இருதயம் நன்கு தளர்ந்துவிட்டது என்று பொருள். ஐந்தாண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, இப்பொழுது 55 பங்கு வெளியேற்றுபவர் வேறு; 30 பங்கு மட்டுமே வெளியேற்றி, நாலடி நடந்தால் மூச்சு வாங்குபவர் வேறு. இருவரையும் "இருதய நோயாளர்" என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒரே முடிவு கட்டுவது நியாயமாகாது.

அறுவைச் சிகிச்சை

ஆடவருக்குப் பெரும்பாலும் மார்பகத்தை முழுவதும் அகற்றிவிடுவர். அக்குளிலுள்ள நெறிக்கட்டுகளுள் ஒன்றிரண்டை எடுத்துச் சோதிப்பர். இது வயிற்றையோ நெஞ்சுக்கூட்டையோ திறக்கும் அறுவையன்று; உடலின் மேற்புறத்தில் நடப்பது. இருதயத்திற்கு விளையக்கூடிய ஆபத்தை நோக்கின், ஆபத்துக் குறைந்த அறுவைகளின் வரிசையிலேயே மருத்துவ நூல்கள் இதனை வைத்துள்ளன. முழு மயக்கம் கொடுக்கத் தயங்கும் நிலையில், நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்வதும் இயலும்.

வயது மட்டுமே தடையாகாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க நாட்டு மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் பிரதிநிதியாக 1967 முதல் 1979 வரை செனட் சபையில் இருந்தவர் எட்வர்டு புரூக். 2002ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்த நிலையில், அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மறு ஆண்டில், பிற ஆடவர் விழிப்படையும் பொருட்டுத் தம் நோயைத் தாமே வெளிப்படையாகச் சொன்னார். அதன் பின்னும் பல்லாண்டு வாழ்ந்து, 2015ஆம் ஆண்டில் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. இருதய இரத்தக் குழாயில் அண்மையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், இரத்தம் உறையாமைக்குரிய மாத்திரைகளைத் தம் விருப்பப்படி நிறுத்தலாகாது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபட்டு உயிருக்கே அபாயம் நேரலாம். அறுவையைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாமா என்பதை இருதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்தே முடிவு செய்வர். கட்டி ஹார்மோனால் வளரும் இனமாயின், காத்திருக்கும் காலத்தில் மாத்திரை கொடுத்து அதன் வளர்ச்சியைத் தடுத்து வைப்பதும் உண்டு.

ஹார்மோன் மாத்திரை

அம்மாத்திரையின் பெயர் டமாக்ஸிபென். 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் தயாரிக்கப்பட்ட பழமையான மருந்து இது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஐந்தாண்டுகள் உண்பது வழக்கம். ஹார்மோனால் வளரும் கட்டியுள்ள பெண்களிடையே நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்ததில், ஐந்தாண்டுகள் இதனை உண்டவர்களிடம் பதினைந்து ஆண்டுக் காலத்தில் மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆடவருக்கும் முதன்மையான மருந்து இதுவே. இருதயத் தசையை இது கெடுப்பதில்லை. மேலே நல்ல செய்தி என்று நாம் குறிப்பிட்டதன் காரணம் இதுதான்: 100க்கு 99 பேருக்கு, இருதயத் தசைக்குக் கேடு செய்யாத ஒரு மாத்திரை பயன்படக்கூடியதாக உள்ளது.

எனினும் இதுவும் குறையற்றதன்று. கால் நாளங்களிலும் நுரையீரலிலும் இரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பை இது சிறிது மிகுவிக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், "வழக்கமான இருதயத் தொல்லைதானே" என்று வாளாவிருத்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பு இவ்வாறு இரத்தம் கட்டிய வரலாறு இருப்பின், மருந்து தொடங்குமுன்பே சொல்ல வேண்டும். இருதயத் துடிப்பு ஒழுங்கற்றவர் பலர் வார்பரின் என்னும் மருந்தை உண்கின்றனர். டமாக்ஸிபென் அதன் வேகத்தைக் கூட்டி, இரத்தப்போக்கை உண்டாக்கலாம். ஆகவே அடிக்கடி இரத்தம் சோதித்து அளவைத் திருத்த வேண்டும்.

பெண்களுக்குப் பயன்படும் வேறு ஹார்மோன் மாத்திரைகளும் உள்ளன. அவற்றை ஆடவருக்குக் கொடுப்பதாயின், விதைகளில் ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும் ஊசியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வூசி ஆடவருக்கு நீரிழிவு, மாரடைப்பு ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2010ஆம் ஆண்டில் எச்சரித்தது. ஆதலால் இருதய நோயாளருக்கு அவ்வழி இரண்டாவதாகவே கருதப்படும்.

கீமோதெரபி

இருதயத்தைப் பற்றிய அச்சத்திற்குப் பெரிதும் காரணமானது இங்கேதான் உள்ளது. டாக்ஸோரூபிஸின் என்னும் சிவப்பு மருந்து மண்ணிலிருந்து வந்தது என்பது விவசாயிகளுக்குச் சுவை தரும் செய்தியாகும். இத்தாலி நாட்டின் தென்பகுதியில் காஸ்டெல் டெல் மான்டே என்னும் பழைய கோட்டையருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரின் வழியில், 1960-களில் இம்மருந்தைக் கண்டறிந்தனர். புற்றை அழிப்பதில் இது வல்லது. ஆனால் இருதயத் தசையையும் இது தாக்கும். அழிந்த இருதயத் தசை பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை.

பூச்சிமருந்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று அளப்பது போல, இம்மருந்தை உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அளப்பர். மொத்த அளவு 400 மில்லிகிராமை எட்டும்போது 100க்கு 5 பேருக்கும், 550 ஆகும்போது 26 பேருக்கும், 700 ஆகும்போது 48 பேருக்கும் இருதயத் தளர்ச்சி உண்டாவதாக 2003ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மார்பகப் புற்றுக்கு வழக்கமாக 240 அளவோடு நிறுத்துவர். ஆனால் முன்பே தளர்ந்த இருதயத்திற்கு அவ்வளவும் மிகையாகலாம். ஆகவே அத்தகையோருக்கு இதனைத் தவிர்த்து, டோஸிடாக்ஸலும் ஸைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த முறையைக் கையாள்வது உண்டு. கீமோதெரபி என்றாலே இருதயத்திற்குக் கேடு என்பதன்று. எந்தக் கீமோதெரபி என்பதே கேள்வி.

ஹெர்-2 மிகுந்தவர்களுக்கு டிராஸ்டுஸுமாப் என்னும் ஊசி மருந்து பெரும்பயன் தருகின்றது. டாக்ஸோரூபிஸின் இன மருந்துடன் ஒருங்கே கொடுத்தபோது 100க்கு 27 பேருக்கு இருதயக் கோளாறு தோன்றியதாக 2001ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. அதன்பின் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. இம்மருந்தினால் வரும் தளர்ச்சி, நிறுத்திச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் மீளக்கூடியது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இதனைக் கொடுப்பர். "நன்றாகத்தானே இருக்கின்றேன்" என்று அந்த எக்கோவைத் தவற விடலாகாது.

கதிர்வீச்சு

நோய் இடது மார்பில் இருந்தால், கதிர்கள் அருகிலுள்ள இருதயத்தையும் தொடக்கூடும். ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் கதிர்வீச்சுப் பெற்ற 2,168 பெண்களை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், இருதயம் பெறும் சராசரி அளவு ஒரு கிரே கூடுந்தோறும் மாரடைப்பு முதலிய பெரிய இருதய நோய்களின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுவதாகக் கண்டனர். இக்காலத்தில் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் செய்து, இருதயம் மார்புச் சுவரிலிருந்து விலகியிருக்கும் நேரத்தில் கதிரைச் செலுத்தும் முறை வந்துள்ளது. பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். கருவியின் மேல் நேராகக் கதிர் படலாகாது.

சீர்தூக்கும் கணக்கு

இவற்றையெல்லாம் எப்படி ஒரு தட்டில் வைத்து நிறுப்பது? விளக்கத்தின் பொருட்டு மூவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவருக்கு வயது 68. இருதயம் 35 பங்கே வெளியேற்றுகின்றது. கட்டி சிறியது, அக்குளில் பரவவில்லை, ஹார்மோனால் வளர்வது. அறுவையும் டமாக்ஸிபெனும் செய்த பின், கீமோதெரபியால் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை 100க்கு இரண்டு மூன்று பேருக்கே என்று வைத்துக்கொள்வோம். அதே கீமோதெரபி இவருடைய இருதயத்திற்குச் செய்யும் தீமை அதைவிட மிகுதியாகலாம். ஆகவே அதனை விடுவதே அறிவுடைமை. சிகிச்சையைக் கைவிட்டதாக இதற்குப் பொருளில்லை. தக்கதைத் தேர்ந்ததாகவே பொருள்.

இரண்டாமவருக்கு வயது 62. ஐந்தாண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர். இருதயம் 55 பங்கு வெளியேற்றுகின்றது. நோய் நான்கு நெறிக்கட்டுகளில் பரவியுள்ளது, ஹெர்-2 மிகுந்துள்ளது. இவரை அச்சத்தால் குறைவான சிகிச்சையோடு அனுப்பிவிடின், இருதயம் நின்றும் புற்றே உயிரைக் கவரும். டாக்ஸோரூபிஸின் இல்லாத கீமோதெரபி, எக்கோவின் காவலில் டிராஸ்டுஸுமாப், கதிர்வீச்சு, டமாக்ஸிபென் என அனைத்தையும் இவர் பெறுவது தகும்.

மூன்றாமவர் மல்லாந்து படுக்கவும் இயலாதபடி இருதயம் தளர்ந்தவர். இவருக்கு முதலில் இருதயச் சிகிச்சை. உடன் டமாக்ஸிபென் மட்டும். தேறினால் அறுவை, தேறாவிடில் மாத்திரையோடு, வலியும் புண்ணும் இன்றி அமைதியாக வாழ வழி செய்தல். இதுவும் சிகிச்சையே.

இறுதி முடிவில் நோயாளரின் விருப்பத்திற்கும் இடம் உண்டு. எத்தனை ஆண்டு என்பதோடு, எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் அவரே சொல்ல வேண்டும். வீட்டார் அவருக்குத் தெரியாமல் முடிவு செய்துவிடுவது முறையன்று.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, கிராம சபையில் பெண்களின் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது, ஆடவருக்கும் அது வரும் என்பதை ஒரு வாக்கியமேனும் சேர்த்துச் சொல்லுதல். வெட்கம் அகல அது போதும்.

இரண்டாவது, நோயாளர் இரு மருத்துவரிடமும் இரு நோய்களின் காகிதங்களையும் கொண்டுபோகச் செய்தல். எக்கோ அறிக்கை, ஸ்டென்ட் வைத்த நாள், உண்ணும் மாத்திரைகளின் பட்டியல், சதைத் துணுக்குச் சோதனையின் முடிவு ஆகியவை ஒரே பையில் இருக்க வேண்டும். புற்றுநோய் மருத்துவரிடம் இருதயத்தை மறைப்பதும், இருதய மருத்துவரிடம் புற்றை மறைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்பித்தல்: இச்சிகிச்சையால் எனக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு நன்மை? என் இருதயத்திற்கு நூற்றுக்கு எத்தனை பங்கு தீமை? இதனினும் இருதயத்திற்கு இலகுவான மாற்று உண்டா?

நான்காவது, செலவுக்கு வழிகாட்டுதல். 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் இருதயச் சிகிச்சையும் அடங்கும். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் நம் மாநிலத்தில் உள்ளன. புற்றுநோய் மருத்துவரும் இருதய மருத்துவரும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இத்தகைய நோயாளருக்குச் சிறப்பாகப் பயன்படும்.

ஐந்தாவது, குடும்பத்தாரை எண்ணுதல். ஆடவருக்கு வரும் இந்நோய் சில வேளைகளில் பரம்பரையாக வரும் மரபணுக் குறையால் உண்டாவது. அக்குறை அவருடைய பெண்மக்களுக்கும் உடன்பிறந்தாருக்கும் இருக்கக்கூடும். ஆகவே மரபணுச் சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்டறிவது, அவருக்கு மட்டுமன்றி அவர் வழியினருக்கும் காப்பாகும்.

இருதயம் பழுதுபட்டவருக்குப் புற்றுநோய் வந்தால் எல்லாம் முடிந்தது என்னும் எண்ணத்தை நம் கிராமங்களிலிருந்து அகற்றுவோம். கட்டி சிறிதாயிருக்கும்போதே வருபவருக்கு, இருதயத்தை வருத்தாத வழிகள் பல திறந்திருக்கின்றன. காலந்தாழ்த்தி வருபவருக்கு அவ்வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஆதலின் மார்பில் கட்டி கண்ட ஆடவர், தம் இருதயத்திற்கு அஞ்சியே விரைந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.